ரீசெட்டர் விற்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

"எல்லா பிரிண்டருக்கும் ஆகும்" என்று அட்டையில் அச்சடித்த சிப் ரீசெட்டரை (சிப்பில் பதிவான கணக்கை மாற்றி எழுதும் சிறு கருவி) வாங்கிவந்து, "இதை வைத்து என் எப்சன் எல்3110-ஐ ரீசெட் பண்ணிக் கொடுங்கள்" என்று கேட்பவர்கள் குறைந்தபாடில்லை. அந்த பிரிண்டரின் இங்க் டேங்கில் சிப்பே கிடையாது. ரீசெட்டரின் ஊசிமுனையை, அதாவது பின்னை, எதன்மேல் வைப்பது? பணம் கட்டுவதற்கு முன்னால் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்.

நம்பிக்கையான விற்பனையாளரை அவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே அடையாளம் கண்டுவிடலாம். விலையைச் சொல்லும் முன்பே "பிரிண்டர் மாடல் என்ன, காட்ரிட்ஜ் நம்பர் என்ன, திரையில் என்ன எரர் வருகிறது?" என்று கேட்கிறாரா? அவரிடம் பேசலாம். "எதுவானாலும் ஆகும், எடுத்துட்டுப் போங்க" என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், 'ரீசெட்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு வேலைகளைப் போட்டுக் குழப்புகிறார்கள். முதல் வகை: எப்சன் எல்130, எல்3110, எல்3150, கேனான் ஜி2010 போன்றவற்றில், ஹெட்டைச் சுத்தம் செய்யும்போது வெளியேறும் வேஸ்ட் இங்க்கின் கணக்கு (கவுன்ட்டர்) பிரிண்டரின் போர்டுக்குள் இருக்கிறது. எப்சனில் 'சர்வீஸ் ரிக்வயர்டு' என்றும், கேனானில் 5பி00 அல்லது பி07 என்றும் வருவது இதுதான். இதற்குக் கையடக்க ரீசெட்டர் எதற்கும் உதவாது. இரண்டாவது வகையில் அந்த வேஸ்ட் இங்க் கழற்றி மாற்றக்கூடிய பெட்டியில் சேர்கிறது: கேனான் ஜி2020, ஜி3020-இல் எம்சி-ஜி02 என்ற மெயின்டனன்ஸ் காட்ரிட்ஜும், எப்சன் எல்6160, எல்6170-இல் டி04டி1 பெட்டியும் இருக்கின்றன. இவற்றில் சிப் உண்டு, ரீசெட்டரும் உண்டு. ஆனால் ஒன்றுக்கானது மற்றதற்கு ஆகாது. மூன்றாவது வகை, கேனான் பிஜிஐ, சிஎல்ஐ போன்ற தனித்தனி இங்க் காட்ரிட்ஜ்கள்.

கேனான் பிஜி-745, சிஎல்-746, பிஜி-47, சிஎல்-57 வைத்திருப்பவர்கள் ரீசெட்டர் வாங்கவே வேண்டாம். ரீஃபில் செய்தபின் இங்க் தீர்ந்தது என்ற எச்சரிக்கை வந்தால், ஸ்டாப் பட்டனை 5 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் போதும், பிரிண்ட் ஓடும். அதன்பிறகு அந்தக் காட்ரிட்ஜுக்கு இங்க் அளவு காட்டாது, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹெச்பி 680, 803-இல் இங்க் தெளிக்கும் ஹெட்டும் காட்ரிட்ஜும் ஒன்றே. அளவு காலி என்று காட்டினாலும் செய்தியைத் தள்ளிவிட்டு அச்சடிக்கலாம். இவற்றுக்கு ரீசெட்டர் இருக்கிறது என்று ஒருவர் விற்றால், அவரிடம் கேபிள்கூட வாங்காதீர்கள்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்லியே ஆக வேண்டும். ரீசெட் செய்தால் இங்க் நிரம்பாது! சிப்பில் 'காலி' என்று இருந்ததை 'முழுசு' என்று மாற்றி எழுதுவது மட்டும்தான் அந்தக் கருவியின் வேலை. இங்க் ஊற்றாமல் ரீசெட் செய்தால் பிரிண்டர் டேங்க் நிறைந்திருப்பதாக நம்பி ஓட்டிக்கொண்டே இருக்கும். கேனானின் ஹெட் சூட்டில் வேலை செய்வது, இங்க் இல்லாமல் ஓடினால் கருகிவிடும். எப்சனில் ஹெட்டுக்குள் காற்று ஏறி அச்சில் வரி விழும். முதலில் ரீஃபில், பிறகு ரீசெட். இந்த வரிசையைச் சொல்லித்தராத விற்பனையாளருக்கு அவர் விற்கும் பொருளைத் தெரியாது.

சரி, தனிக் காட்ரிட்ஜுக்கு வாங்குகிறீர்கள் என்றால் பிராண்டைப் பார்க்காதீர்கள், காட்ரிட்ஜின் லேபிளில் உள்ள எண்ணைப் பாருங்கள். பிஜிஐ-820, சிஎல்ஐ-821-க்கான கருவியை பிஜிஐ-725, சிஎல்ஐ-726-க்கும் சேர்த்து நினைத்துக்கொள்ளக் கூடாது. ஒரே காட்ரிட்ஜ் நாட்டுக்கு நாடு வேறு எண்ணில் வருகிறது: இங்கே 725 என்றிருப்பது ஐரோப்பாவில் 525. வெளிநாட்டு எண் போட்ட கருவியை "இதுவும் அதேதான்" என்று நீட்டினால், பில்லில் உங்கள் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் காட்ரிட்ஜில் இருப்பது ஒரிஜினல் சிப்பா, வேறு நிறுவனம் செய்த கம்பாட்டிபிள் சிப்பா என்றும் விற்பவர் கேட்க வேண்டும். கம்பாட்டிபிள் சிப்புகளில் சில ரீசெட் ஆகவே ஆகாது.

சென்னை ரிச்சி தெரு மாதிரி மின்னணுக் கடைவீதியில் வாங்கினால் காலிக் காட்ரிட்ஜைக் கையோடு கொண்டுபோங்கள். சிப்பின் தங்க நிறப் பட்டைகளில் காய்ந்த இங்க் இருந்தால், ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். ரீசெட்டரின் பின்கள் எல்லாப் பட்டைகளிலும் ஒரே சமயத்தில் படும்படி நேராக வைத்து அசையாமல் பிடியுங்கள். சாய்த்து அமுக்கினால் பின் வளைந்துபோகும். எப்சன் வகைக் கருவிகளில் சிவப்பு விளக்கு மினுக்கிப் பச்சைக்கு மாறும். மாறவில்லையென்றால் உடனே திட்டாதீர்கள், பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். புதிது போட்டுப் பாருங்கள். பச்சை எரிந்தாலும் பிரிண்டர் ஏற்றுக்கொண்டால்தான் கணக்கு. அதனால் வீட்டில் போட்டுப் பார்த்துத் திருப்பித்தர ஒரு வாரமாவது அவகாசம் கேளுங்கள்.

ஆன்லைனில் நட்சத்திரத்தை எண்ணாதீர்கள். விமர்சனங்களில் உங்கள் காட்ரிட்ஜ் எண்ணைத் தேடுங்கள். 2020-இன் மின்வணிக விதிகளின்படி விற்பவரின் பெயர், முகவரி, திருப்பி எடுக்கும் நிபந்தனை எல்லாம் தெரியும்படி இருக்க வேண்டும். பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருந்தால் ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் பதிந்த கடை என்றால் 33-இல் தொடங்கும்.

மிகவும் கவலை தருவது, போர்டுக்குள் இருக்கும் வேஸ்ட் இங்க் கணக்கை மாற்ற வாட்ஸ்அப்பில் விற்கும் 'ரீசெட் சாஃப்ட்வேர்'தான். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லி, எனிடெஸ்க்கில் (தூரத்திலிருந்தே உங்கள் கணினியை இயக்கும் செயலி) உள்ளே வந்து ஐந்து நிமிடத்தில் முடித்துத் தருகிறார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர்களே, உங்கள் கணினியில் ஊர்க்காரர்களின் ஆதாரும் பான் கார்டும் கிடக்கின்றன. முகம் தெரியாத ஆளுக்கு அந்தக் கணினியைத் திறந்துவிடலாமா? போதாக்குறைக்கு, அவர் வேஸ்ட் இங்க்கை உறிஞ்சும் ஸ்பான்ஞ்சைப் பற்றி வாயே திறக்க மாட்டார். எல்3110-இல் பின்பக்க மூடியைக் கழற்றினால் இங்க் குடித்து ஊறிய பேட் இருக்கும். கையுறை போட்டு, செய்தித்தாள் விரித்து, அதை எடுத்துவிட்டுப் புதிது போட்ட பிறகே கவுன்ட்டரை ரீசெட் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மீதி இங்க் மேசையில் வழியும். மெயின்டனன்ஸ் பெட்டிக்கும் இதே விதிதான்.

ஏற்கெனவே உள்ளே விட்டுவிட்டீர்கள் என்றால், அந்தக் கணினியின் நெட் இணைப்பை இப்போதே துண்டியுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். தவறான பொருளைத் திருப்பி எடுக்க மறுக்கும் கடை என்றால், பில்லைக் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள்.