ஜெர்ஸியின் முதுகில் யார் படம்?

சென்ற மாதம் சென்னை கெல்லீஸில், சிறார் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் வாசலில், வியாசர்பாடியிலிருந்து வந்திருந்த ஒரு தாயைச் சந்தித்தேன். மகனுக்கு 16 வயது. "தினமும் சாயங்காலம் பந்து ஆடப் போறான்னுதான் மேடம் நிம்மதியா இருந்தேன்" என்றார். அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. பையன் உண்மையாகவே தினமும் ஆடப் போயிருக்கிறான். பட்டாக்கத்தி சுற்றிய பையைக் கொடுத்து இன்னொரு தெருவில் சேர்த்துவிடச் சொன்ன 'அண்ணனும்' அதே மைதானத்துக்குத்தான் தினமும் வந்திருக்கிறார். வடசென்னைச் சிறார்களுக்கு ஆலோசகராக வேலை செய்யும் இந்த 14 ஆண்டுகளில் இதே வாக்கியத்தை எத்தனை தாய்மாரிடம் கேட்டுவிட்டேன் என்று எண்ணவே சலிப்பாக இருக்கிறது. (சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது, ஆகவே விவரங்களை மாற்றியிருக்கிறேன். பையன்களின் முகத்தை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்பவர்களும் இந்தப் பிரிவை ஒருமுறை படிக்கலாம்.)

விளையாட்டு தானாகவே பையனைத் திருத்திவிடும் என்ற நம்பிக்கைதான் எனக்கு மிகுந்த எரிச்சலை ஊட்டுவது. கோடை முகாம் தொடக்க விழாக்களில் மைக் பிடிப்பவர்கள் எல்லோரும் இதையே சொல்கிறார்கள்: வயதுக்குரிய வேகத்தை மைதானத்தில் இறக்கிவிட்டால் தெருவில் இறக்க மிச்சம் இருக்காதாம். பையனைப் பிரஷர் குக்கர் என்று நினைத்து விசிலைத் தூக்கிவிடும் கணக்கு இது. ஆடிக் களைத்த 16 வயது உடம்பு அரை மணி நேரத்தில் தேறிவிடும். ஆறரை மணிக்கு ஆட்டம் முடிந்த பிறகு ஒன்பது மணி வரை அவன் யாரோடு மதில்மேல் உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான் கேள்வி. என்னிடம் வந்த பையன்களில் சோம்பேறிகள் குறைவு. நன்றாக ஓடக்கூடியவர்களே அதிகம், ஏனென்றால் செல்போனைப் பறித்துக்கொண்டு ஓடவும், போலீஸ் வருகிறது என்று சொல்ல ஓடவும் அப்படிப்பட்டவர்கள்தான் வேண்டும்.

இது என் மனக்கசப்பு மட்டும் அல்ல. 2016இல் 51 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வாளர்கள், விளையாட்டில் சேர்வதற்கும் சிறார் குற்றத்துக்கும் இடையே ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க தொடர்பு எதையும் காணவில்லை. அதற்கு முன்பே, 2005இல் வெளிவந்த நார்வே ஆய்வு ஒன்று, குத்துச்சண்டை, மல்யுத்தம், எடைதூக்குதல் போன்றவற்றில் சேர்ந்த சிறுவர்களிடம் முரட்டு நடத்தை கூடியதாகவே கண்டது. சார்பட்டாவும் இடியப்ப நாயக்கரும் குத்துச்சண்டைப் பரம்பரைப் பெயர்களாக இன்றும் நினைக்கப்படும் நம் வட்டாரத்தில் இதைச் சொன்னால் பெரியவர்களுக்குக் கோபம் வரும். வர வேண்டியதில்லை. குத்துச்சண்டையைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. கையை ஓங்கக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார், எங்கே ஓங்கக்கூடாது என்பதையும் அதே கண்டிப்போடு கற்றுக்கொடுக்காவிட்டால், நல்ல அடியாள் ஒருவனைச் செலவில்லாமல் தயார் செய்து அனுப்புகிறார் என்பதே என் கவலை.

புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரிலிருந்து போன காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார்; தந்தை ஆட்டோ ஓட்டுநர். வடசென்னையில் கேரம் பலகை இல்லாத தெரு அநேகமாக இல்லை. ஆனால் எல்லாப் பலகையைச் சுற்றியும் ஒரே மாதிரி ஆட்கள் நிற்பதில்லை. ஒரு தெருவில் பிழையாக அடித்தால் திருத்தும் பெரியவர் நிற்கிறார்; இன்னொரு தெருவில் அதே பலகையின் விளக்கு வெளிச்சத்தில் கஞ்சாப் பொட்டலம் கைமாறுகிறது, வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளப் பழக்கப்படுத்துகிறார்கள். பலகையும் காயும் மாறவில்லை.

பெற்றோருக்கும், மைதானங்களுக்கு நன்கொடை தருபவர்களுக்கும் நான் சொல்லும் முதல் அறிவுரை கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றலாம்: பையனின் ஜெர்ஸியைத் திருப்பிப் பாருங்கள். நம் பகுதியில் 'நினைவுக் கோப்பை'கள் ஏராளம். அவற்றில் பல, நோயில் இறந்த நண்பனுக்காகவோ பழைய ஆட்டக்காரருக்காகவோ மனதார நடத்தப்படுபவை. சில, வெட்டுப்பட்டு இறந்த ரவுடியின் படத்தைப் பேனரிலும் முதுகிலும் அச்சிட்டு, அவருடைய ஆட்களின் பணத்தில் நடப்பவை. பரிசுத் தொகை, பிரியாணி, புது ஷூ எல்லாம் அங்கிருந்துதான் வரும். அந்தப் பையன் தேடும் 'கெத்து' அவனுக்கு அங்கே இலவசமாகக் கிடைக்கிறது. கடன் பிறகுதான் கேட்கப்படும், அதுவும் பணமாக அல்ல, "இந்தப் பையை அங்க குடுத்துட்டு வாடா தம்பி" என்ற வடிவில். சிறாரைக் குற்றச் செயலுக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்க இளைஞர் நீதிச் சட்டத்தின் 83ஆம் பிரிவு இடம் தருகிறது. என் அனுபவத்தில் பையனின் பெயர் வழக்கில் ஏறும் வேகத்தில் அந்தப் பிரிவு ஏறுவதில்லை. வழக்கறிஞர்களே, முதல் நாளிலேயே அதைக் கேளுங்கள்.

இனிப் பயிற்சியாளர்கள். பெரும்பாலும் சொந்தக் காசைப் போட்டுப் பந்துக்குக் காற்றடிப்பவர்கள் என்பதால் உங்களைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. இருந்தாலும் திட்ட வேண்டியிருக்கிறது. நான் முதலில் சொன்ன பையன் மீது அதற்கு முன்பே ஒரு சிறு வழக்கு இருந்தது. அது தெரிந்தவுடன் "டீம் பேர் கெட்டுடும்" என்று அவனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மைதானத்துக்கு வருவதை அவன் நிறுத்தவில்லை. கோட்டுக்கு உள்ளே நின்றவன் வெளியே நின்றான், அவ்வளவுதான். வெளியே நின்றுகொண்டிருந்தவர்தான் அந்த அண்ணன். 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் புதிய தொடக்கம் தரப்பட வேண்டும் என்பது இந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. முடிந்துபோன வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றிதழுக்காகக்கூடக் காவல்துறை வெளியிடக் கூடாது. காவல்துறையே சொல்லக் கூடாததை நீங்கள் ஏன் ஆட்டக்காரர் பட்டியலில் எழுதிக் காட்டுகிறீர்கள்?

வருகைப் பதிவேடு வையுங்கள். ஒரு பையன் மூன்று நாள் வரவில்லையென்றால் நான்காம் நாள் அவன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவன் அம்மாவிடம் உங்கள் செல்போன் எண் இருக்கட்டும். கோபம் வந்தால் இரண்டு ஆட்டத்துக்கு உட்கார வையுங்கள், துரத்தாதீர்கள். ஊசி, மாத்திரை என்று சந்தேகம் வந்தால் வெயிலில் பத்துச் சுற்று ஓடவிட்டுச் சரிசெய்ய முயலாதீர்கள். அது மருத்துவர் பார்க்க வேண்டியது, கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் போக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. பிடிபட்ட பையனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். நன்னடத்தை அலுவலர் விசாரிக்கும்போது, "இவன் என்னிடம் வருகிறான், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு பயிற்சியாளர் நேரில் வந்து சொன்னால் அதற்கு எடை உண்டு. பலமுறை பார்த்திருக்கிறேன்.

அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். ஏப்ரலில் பேனர் கட்டி, மே மாத இறுதியில் சான்றிதழும் டி-ஷர்ட்டும் கொடுத்துக் கலைந்துவிடுகிறீர்கள். ஜூனில் அந்தப் பையன்கள் அதே டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு காலியான மைதானத்துக்கு வருகிறார்கள். அங்கே எப்போதும் இருப்பவர்கள் அப்போதும் இருக்கிறார்கள். நிறைவு விழாவுக்கு ஆகும் பணத்தில் ஒரே ஒரு பயிற்சியாளருக்கு அடுத்த மார்ச் வரை மாதச் சம்பளம் கொடுக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முடியாவிட்டால், குறைந்தது முகாமின் கடைசி நாளன்று, அடுத்த சனிக்கிழமை எங்கே, எத்தனை மணிக்கு, யார் வருவார் என்பதைச் சொல்லிவிட்டு அவர்களை வீட்டுக்கு அனுப்புங்கள்.