டிரில் நுனியைக் கேமரா பார்ப்பதில்லை: இம்ப்ளாண்ட் நேவிகேஷன் எப்படி வேலை செய்கிறது?

கீழ்க் கடைவாய்ப் பல் போன இடத்தில் இம்ப்ளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) வைக்கும்போது மருத்துவர் பயப்படுவது, தாடை எலும்புக்குள் ஓடும் நரம்புக்குத்தான். அது அடிபட்டால் கீழ் உதடும் முகவாயும் மரத்துப்போகும். சிலருக்கு உணர்ச்சி முழுதாகத் திரும்புவதே இல்லை. அதனால் இம்ப்ளாண்ட் நுனிக்கும் நரம்புக்கும் நடுவே 2 மி.மீ. எலும்பை விட்டுவைப்பார்கள். 10 மி.மீ. நீள இம்ப்ளாண்ட் 5 டிகிரி சாய்ந்தாலே நுனி 0.9 மி.மீ. விலகிவிடும்.

டிரில் சாயாமல் இருக்க ஒரு வழி, அச்சு. ஆத்தங்குடித் தரைக்கல் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மேல் உலோக அச்சை வைத்து, அறை அறையாக வண்ணத்தை ஊற்றுவார்கள். அச்சு எப்படியோ, பூ அப்படி. முப்பரிமாணப் பிரிண்டரில் எடுத்து வாயில் பொருத்தும் கைடும் (வழிகாட்டி அச்சு) அப்படித்தான்: அதன் துளை காட்டும் வழியில்தான் டிரில் போகும். துல்லியம் உண்டு. ஆனால் வாய் அதிகம் திறக்காதவருக்குக் கடைவாயில் கைடும் நீள டிரில்லும் சேர்ந்து நுழையாது. குளிர்விக்கும் சலைனும் எலும்பில் சரியாகப் படாது. 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு கெடத் தொடங்கும்.

கேமராவும் கணினியும் டிரில்லுக்கு வழிகாட்டும் நேவிகேஷனில் அச்சே கிடையாது. பற்கள் மேல் இறுக உட்காரும் கிளிப்பை மாட்டிக்கொண்டு சிபிசிடி (முப்பரிமாண எக்ஸ்ரே) ஸ்கேன் எடுப்பார்கள். கிளிப்பில் உள்ள குறிகளும் எலும்போடு சேர்ந்து படத்தில் விழும். கணினியில் இடம், கோணம், ஆழம் மூன்றையும் முடிவு செய்வார்கள். பக்கத்துப் பல்லிலிருந்து 1.5 மி.மீ., இரண்டு இம்ப்ளாண்டுகளுக்கு நடுவே 3 மி.மீ. விடுவது வழக்கம். அறுவை அன்று அதே கிளிப்பில் ஓர் அடையாளப் பட்டை, டிரில்லை மாட்டும் கைப்பிடியான ஹேண்ட்பீஸில் இன்னொன்று. மேலிருந்து இரண்டு கேமராக்கள் இரு கண்களைப் போல அவற்றின் தூரத்தையும் சாய்வையும் அளந்தபடியே இருக்கும். மருத்துவர் வாயைவிடத் திரையைத்தான் அதிகம் பார்ப்பார். இது பழக நாளாகும்.

கேமராவுக்கு எலும்பும் தெரியாது, டிரில் நுனியும் தெரியாது. பட்டைகள் மட்டுமே தெரியும், மற்றதெல்லாம் கணக்கு. 2 மி.மீ. விட்டமுள்ள முதல் டிரில்லைக் கழற்றி அடுத்ததை மாட்டினால் நீளம் மாறும். புது நுனி எங்கே என்று கணினிக்குக் காட்டும் அளவுக் குழியில் அதைத் தொட்டுப் பதியாவிட்டால் கணினி பழைய நீளத்தையே வைத்துக் கணக்குப் போடும். புது டிரில் 1.5 மி.மீ. நீளமாக இருந்தால், விட்டுவைத்த 2 மி.மீ.இல் மிச்சம் அரை மி.மீ.தான்.

உதவியாளர் கை மறைத்தாலோ, பட்டையில் ரத்தம் தெறித்தாலோ படம் நின்றுவிடும். கோளாறு உடனே தெரியும். கிளிப் நழுவினால்தான் ஆபத்து. படம் தடையில்லாமல் ஓடும், இடம் மட்டும் பொய்யாக இருக்கும். ஆகவே ஒவ்வொரு டிரில்லுக்கும் முன்பு அதன் நுனியைப் பக்கத்துப் பல்லின் மேட்டில் தொட்டுப் பார்க்க வேண்டும். திரையிலும் நுனி அதே மேட்டில் நிற்க வேண்டும். பல்லுக்குள் மூழ்கியதாகவோ அந்தரத்தில் நிற்பதாகவோ காட்டினால் அங்கேயே நிறுத்தி, மறுபடி பொருத்த வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் ஏறத்தாழ 1 மி.மீ. பிழையும் 3, 4 டிகிரிச் சாய்வும் வரலாம். 2 மி.மீ. இடைவெளியைக் குறைக்க இந்தக் கருவி அனுமதிச் சீட்டு அல்ல.

காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுப்பவர்கள் கிளிப்பை மறக்காமல் கொண்டுபோங்கள். வெந்நீரில் இளகி உருப்பெறும் பிளாஸ்டிக்கில் செய்த கிளிப்பும் உண்டு. வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் வைத்தால் நெளிந்துபோகும். திரும்பி வந்து மாட்டும்போது துளி ஆடினாலும் புதிதாகச் செய்து, மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டியதுதான். பல்லே இல்லாதவர்களுக்குக் கிளிப் பிடிக்க இடமில்லை. எலும்பில் சின்னச் சின்னத் திருகுகளை முடுக்கி, அவற்றையே குறியாக வைத்துக்கொள்வார்கள்.