இன்வெர்ட்டரில் நாட்டை மாற்றாதீர்கள்

பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் சோலார் போட்ட தாமான் வீடுகளில் திரும்பத் திரும்ப ஒரே புகார். காலையில் ஒழுங்காக ஓடுகிற இன்வெர்ட்டர் (சோலார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி), வெயில் உச்சிக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. மூன்று மணிக்கு மேல் தானாக உயிர் பெறுகிறது. பதிவைத் திறந்தால் வரிசையாக ‘கிரிட் ஓவர்வோல்டேஜ்’, அதாவது பொது மின்வலையில் வோல்டேஜ் அதிகம். பொருத்தியவர் வருகிறார், போனில் ஆப்பைத் திறக்கிறார், நாட்டுப் பட்டியலில் ‘மலேசியா’வை எடுத்துவிட்டு வேறொரு நாட்டைத் தட்டுகிறார். ஐந்து நிமிட வேலை. வீட்டுக்காரருக்குப் பரம திருப்தி.

தயவுசெய்து நிறுத்துங்கள்.

நாட்டின் பெயர் என்பது தேதி, மொழி மாதிரி சமாச்சாரம் இல்லை. எத்தனை வோல்ட்டில், எத்தனை ஹெர்ட்ஸில், எத்தனை விநாடியில் இன்வெர்ட்டர் விலக வேண்டும் என்ற முழு அட்டவணையும் அதற்குள் இருக்கிறது. நம் ஊரில் 230 வோல்ட். மேலே 10 சதவீதம், கீழே 6 சதவீதம். அதாவது 216 முதல் 253 வரை. எல்லை அதிகமுள்ள நாட்டைத் தட்டினால் 253ஐத் தாண்டியும் உங்கள் இன்வெர்ட்டர் தள்ளிக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டு எல்.இ.டி. விளக்கும் ஃப்ரிட்ஜ் போர்டும் அடிக்கடி போனால் அவர் ராசியைக் குறை சொல்லிப் பயனில்லை.

“என் வீட்டு 5 கிலோவாட் கிரிட்டை என்ன செய்துவிடும்?” என்பார்கள். ஒரு வீடு ஒன்றும் செய்யாது. ஒரே எண்ணை வைத்துக்கொண்டு லட்சம் வீடுகள் ஒரே நொடியில் விலகினால்? ஜெர்மனியின் பழைய விதிப்படி அதிர்வெண் 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டதும் சோலார் இன்வெர்ட்டர்கள் அத்தனையும் அணைய வேண்டும். கூரைகள் பெருகிய பிறகுதான் அதன் ஆபத்து உறைத்தது. 2012இல் தனி ஆணை போட்டு, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளைத் தேடிப் போய் மாற்ற வேண்டியதாயிற்று.

இதைவிட எரிச்சலூட்டுவது கோப்பிக்கடைத் தீர்ப்பு: “காற்றாலையை நம்பினால் இருட்டுதான், தெற்கு ஆஸ்திரேலியாவைப் பாருங்கள்.” சரி, பார்ப்போம். 28 செப்டம்பர் 2016, அன்று அங்கே புயல். காற்றுக்குப் பஞ்சமே இல்லை. மின்கோபுரங்கள் சாய்ந்து, இரண்டு நிமிடத்துக்குள் ஆறு முறை வோல்டேஜ் சரிந்தது. பல காற்றாலைகளின் கட்டுப்பாட்டு மென்பொருளில், குறித்த நேரத்துக்குள் இத்தனை சரிவுகளைத்தான் தாங்கலாம் என்று ஓர் எண் வைத்திருந்தார்கள். எண்ணிக்கை தாண்டியதும் ஏழு விநாடிக்குள் 456 மெகாவாட் குறைந்துபோனது. அந்தப் பாரம் முழுவதும் விக்டோரியாவிலிருந்து வரும் இணைப்பின் மேல் விழ, அதுவும் தானாகத் துண்டித்துக்கொண்டது. எட்டரை லட்சம் வாடிக்கையாளர்கள் இருட்டில். காற்றும் நிற்கவில்லை, காற்றாடியும் உடையவில்லை. ஆலையை இணைத்தபோது யாரும் கேட்காமல் விட்ட ஓர் அமைப்பு, அவ்வளவுதான். எண்ணை மாற்றியதும் அதே காற்றாலைகள் அத்தகைய சரிவுகளைத் தாங்கும் நிலைக்கு வந்தன. “காற்று நிலையற்றது” என்று பேசுகிறவர்கள் இந்த இருட்டடிப்பைப் பற்றிய விசாரணை அறிக்கையைப் படிப்பதே இல்லை.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். இன்வெர்ட்டர் வெளியே தள்ளும்போது வயரின் தடை அதன் முனையில் வோல்டேஜைக் கூட்டுகிறது. 5 கிலோவாட் என்றால் ஏறக்குறைய 22 ஆம்பியர். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை 30 மீட்டருக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்திருந்தால் 7 வோல்ட்டுக்கு மேல் ஏறும். தெருவில் 247 இருந்தால் இன்வெர்ட்டர் பார்ப்பது 254. நிற்காமல் என்ன செய்யும்? அதே தூரத்துக்கு 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் ஏற்றம் 3 வோல்ட்டுக்குள். 250இல் நிம்மதியாக ஓடும். வயரில் மிச்சம் பிடித்த காசைத்தான் நாட்டை மாற்றி மறைக்கிறார்கள்.

பதிவுபெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு, நல்ல வெயிலில், இன்வெர்ட்டர் முழு வேகத்தில் ஓடும்போது இரண்டு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள்: இன்வெர்ட்டரின் ஏ.சி. முனையில், பிறகு மீட்டரருகே. வித்தியாசம் 3 வோல்ட்டுக்கு மேல் என்றால் கோளாறு உங்கள் பக்கம். முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு டெர்மினல் ஸ்க்ரூக்களைப் பார்க்கட்டும். தளர்ந்த ஸ்க்ரூவின் பக்கத்தில் வயரின் தோல் பழுப்பேறியிருக்கும். பிறகு வயர். இன்வெர்ட்டரை அணைத்த பிறகும் மீட்டரருகே 250க்கு மேல் நின்றால் கோளாறு தெருப் பக்கம்: மின்சாரம் தரும் டி.என்.பி.யின் 15454 எண்ணுக்கு அழைத்து, அளந்த நேரத்தையும் வோல்டேஜையும் சொல்லுங்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் டேப்பை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் படியை) மாற்றுவதும் ஃபேஸ்களைச் சமப்படுத்துவதும் டி.என்.பி.யின் வேலை.

தொல்லை என்று தீவுப் பாதுகாப்பை, அதாவது தெருவில் கரண்ட் போனதும் இன்வெர்ட்டரை நிறுத்தும் அமைப்பை, அணைத்துவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் நிற்பது பழுது அல்ல ஐயா. இறந்த லைன் என்று நம்பி ஒருவர் கம்பத்தில் ஏறியிருக்கிறார்.

புதிதாகப் போடுகிறவர்கள், ஒப்படைக்கிற அன்றே நாட்டு அமைப்புப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை யாராவது ‘சரிசெய்து’விட்டுப் போன பிறகு, வாசலைத் தாண்டுவதற்குள் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து ஒப்பிடுங்கள்.