இரண்டு மூச்சு

'விஷவாயு தாக்கி மூவர் பலி' என்று தலைப்பைப் பார்த்ததுமே செய்தியில் என்ன இருக்கும் என்று தெரிந்துவிடுகிறது. செப்டிக் டேங்கிலோ கிணற்றிலோ ஒருவர் இறங்கியிருப்பார். அவர் சரிந்து விழுந்ததைப் பார்த்து இன்னொருவர் இறங்கியிருப்பார். அவரைத் தூக்க மூன்றாமவர். பல நேரம் அண்ணன் தம்பிகள், இல்லையென்றால் அப்பாவும் மகனும். மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-லேயே எச்சரித்தது.

இரண்டாவதாக இறங்கியவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவரிடமும் ஒரு கணக்கு இருந்தது: 'மூச்சு முட்டினால் உடனே ஏறிவிடலாம்.' தண்ணீரில் முங்கியபோதும் புகையில் சிக்கியபோதும் உடம்பு அவரை எச்சரித்திருக்கிறது. இங்கும் எச்சரிக்கும் என்று நம்பினார். அந்த எச்சரிக்கை இங்கே வராது.

மூச்சை அடக்கிப் பாருங்கள். அரை நிமிடத்தில் நெஞ்சு திணறும். ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் வரும் திணறல் அல்ல அது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சேர்வதை மூளை உணர்வதுதான் அதற்கு முக்கியக் காரணம். ஆக்சிஜன் இல்லாத காற்றைச் சுவாசிக்கும்போதோ, ஒவ்வொரு மூச்சிலும் கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல வெளியேறிக்கொண்டே இருக்கும். அதனால் திணறல் பெரிதாகத் தெரியாது.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். நுரையீரலில் அது அதிகம் உள்ள பக்கத்திலிருந்து குறைவாக உள்ள பக்கத்துக்குப் போகும், அவ்வளவுதான். உள்ளே இழுத்த காற்றில் ஆக்சிஜனே இல்லையென்றால், ரத்தத்தில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனும் அந்தக் காற்றுக்குள் போய்விடும். அதாவது அந்த மூச்சு ஆக்சிஜனைத் தருவதற்குப் பதில் பறித்துக்கொண்டு போகிறது. வெறுமையான அந்த ரத்தம் சில விநாடிகளில் மூளையை எட்டிவிடும். மூச்சை அடக்கியவர் ஒரு நிமிடம் தாக்குப்பிடிப்பார். இந்தக் காற்றை இரண்டு மூன்று முறை இழுத்தவர் ஏணியிலிருந்து சரிந்துவிடுவார்.

கிணற்றில் ஆக்சிஜன் எங்கே போகிறது? அடியில் மக்கும் இலைதழையை உண்ணும் நுண்ணுயிரிகள் அதைத் தீர்த்துவிட்டு, காற்றைவிடக் கனமான கார்பன் டை ஆக்சைடை விடுகின்றன. பூட்டிக் கிடக்கும் இரும்புத் தொட்டியில் துரு பிடிப்பதே ஆக்சிஜனைத் தின்றுவிடும். நாற்றமில்லாத, சுத்தமாகத் தெரியும் தொட்டியும் ஆளைக் கொல்லும்.

கழிவுநீரில் இதோடு ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்கிறது. அழுகிய முட்டை நாற்றம் என்பார்களே, அதுதான். காற்றில் பத்துக் கோடியில் ஓரிரு பங்கு இருந்தாலே பலருடைய மூக்கு பிடித்துவிடும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். 'நாற்றம் குறைந்துவிட்டது, இறங்கலாம்' என்று ஒருவர் சொல்லும் நேரம், வாயு ஏறியிருக்கும் நேரமாகவும் இருக்கலாம். 1,000 பங்கு என்றால் ஓரிரு மூச்சில் ஆள் விழுவார். சயனைடைப் போலவே இதுவும் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த விடாமல் தடுக்கிறது.

இன்னொரு சங்கதி இதைவிடக் கொடியது. இந்த வாயு சேற்றுக்குள் கரைந்தும் சிக்கியும் கிடக்கும். குலுக்கிய சோடா பாட்டில் பொங்குவதுபோல, காலை வைத்துக் கலக்கியதும் மொத்தமாகக் கிளம்பும். திறந்தபோது பத்திரமாக இருந்த தொட்டி, இறங்கியவரின் காலடியிலேயே மாறிவிடுகிறது. முகத்தில் கட்டிய ஈரத்துண்டு தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது.

கிணறு வெட்டுகிறவர்கள் விளக்கை இறக்கிப் பார்ப்பதுண்டு. ஆக்சிஜன் 16 சதவீதம் அளவுக்குக் குறைந்தால் சுடர் அணையும். அந்த வகையில் அறிவுள்ள பழக்கம்தான். ஆனால் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருப்பதை அந்தச் சுடர் சொல்லாது. செப்டிக் டேங்கில் நெருப்பைக் காட்டவே கூடாது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் கலந்திருந்தால் வெடிக்கும்.

ஆகவே இறங்கிப் பார்த்து முடிவெடுப்பது என்பது இங்கே நடக்காத காரியம். முடிவெடுக்க வேண்டிய மூளைதான் முதலில் அணைகிறது. யோசனை முழுவதும் மூடிக்கு மேலே நிற்கும்போதே முடிந்திருக்க வேண்டும். செப்டிக் டேங்க் என்றால் அந்த யோசனையும் தேவையில்லை: கழிவுநீர் லாரி உறிஞ்சட்டும், ஆள் இறங்கக் கூடாது. பாதுகாப்புக் கருவி தராமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அப்படியும் ஆட்களை இறக்குகிறார்கள் என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் 101-ஐ அழைத்துவிட்டு, மேலிருந்தபடியே புளோயரால் நல்ல காற்றை அடிக்கலாம். தீயணைப்பு வீரர்கள் முதுகில் காற்று சிலிண்டர் மாட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள்.

கிணறு, தொழிற்சாலைத் தொட்டி என்று இறங்கியே தீர வேண்டிய இடங்களில், வாயு அளக்கும் கருவியை முதலில் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் பார்க்கிறார்கள்; வாயுக்கள் அடுக்கடுக்காக நிற்கக்கூடும். அளவு சரியாக இருந்தாலும், உடம்பில் மாட்டிய பட்டையிலிருந்து ஒரு கயிறு, மேலே நிறுத்திய மூன்று கால் சட்டத்தின் உருளைக்குப் போகும்; அதன் அருகில் ஒருவர் நகராமல் நிற்பார். கீழே இருப்பவரின் குரல் நின்றுபோனால், மேலே நிற்பவர் அந்த உருளையின் கைப்பிடியைச் சுற்றினால் போதும்.