எஞ்சினைத் திருப்பும் முக்கோணத் தடம்: கவனம் தேவைப்படும் இடங்கள்

டபிள்யூஏபி-7 போன்ற மின்சார எஞ்சினுக்கு இரு முனையிலும் கேபின் உண்டு. லோகோ பைலட் கேபின் மாறினால் போதும். டபிள்யூடிஜி-4 மாதிரி ஒற்றைக் கேபின் டீசல் எஞ்சின் அப்படியல்ல. இயந்திரங்களை மூடியிருக்கும் நீண்ட பகுதியான ஹூட் முன்னால் இருந்தால் சிக்னலும் லெவல் கிராசிங்கும் சரியாகத் தெரியாது, வளைவில் இன்னும் மோசம். அதனால் எஞ்சினையே திருப்ப வேண்டியிருக்கிறது.

எஞ்சினை ஏற்றிச் சுழற்றும் மேடையான டர்ன்டேபிளுக்கு இடம் குறைவாகப் போதும். ஆனால் மேடையைவிட நீளமான எஞ்சின் ஏறாது. எடை நடுவில் நிற்காவிட்டால் சுழற்றுவதும் கடினம். வட்டமாகச் சுற்றி வரும் தடமான பலூன் லூப்பில் முழு ரயிலும் நிற்காமல் திரும்பிவிடும். அகலப்பாதையில் வளைவின் ஆரம் 175 மீட்டருக்குக் குறையக்கூடாது என்பதால், குறுக்கே மட்டும் 350 மீட்டர் நிலம் வேண்டும்.

அதனால் நடைமுறைக்குத் தோதானது முக்கோணம்தான். அ, ஆ, இ என மூன்று மூலைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பாயிண்ட் (தடம் பிரியும் இடத்தில் பாதையை மாற்றும் அமைப்பு), அதற்கு வெளியே ஒரு நேர்த்தடம். எஞ்சின் அ வழியாக நுழைந்து ஆ-வைத் தாண்டி நிற்கும். பாயிண்டை மாற்றியதும் பின்னோக்கிப் போய் இ-யைத் தாண்டும். அங்கும் பாயிண்டை மாற்றிய பின் முன்னோக்கி அ-வுக்கு வரும்போது முகம் திரும்பியிருக்கும்.

கடைசிச் சக்கரமும் டங் ரெயிலின் (பாயிண்டில் பக்கவாட்டில் நகரும் கூரிய தண்டவாளம்) முனையைத் தாண்டாமல் பாயிண்டை மாற்றினால் எஞ்சினின் இரண்டு போகிகளும் (முன், பின் சக்கரத் தொகுதிகள்) இரண்டு தடத்தில் போகும். ஜோடி எஞ்சின் என்றால் வெளித்தடம் 40 மீட்டருக்கு மேல் தேவை. இதை முன்பே அளந்து பார்த்துவிடுங்கள்.

பலரும் மறப்பது அ-வின் பாயிண்டைத்தான். நுழைந்தபோது அது ஆ-வின் பக்கம் இருந்தது. திரும்புவதோ இ-யின் பக்கமிருந்து. மாற்றாமல் விட்டால் சக்கரம் டங் ரெயிலை நெட்டித் தள்ளிக்கொண்டு போய்விடும். எஞ்சின் தடம் புரளாததால் ஒன்றும் ஆகவில்லை என்றே தோன்றும். ஆனால் இரண்டு டங் ரெயில்களையும் இணைக்கும் ஸ்ட்ரெச்சர் பார் வளைந்திருக்கலாம், டங் ரெயில் பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு நிற்கலாம். அந்த நிலையில் எஞ்சினைப் பின்னால் எடுத்தால் சக்கரம் இடைவெளிக்குள் புகுந்து தடம் புரளக்கூடும்.

பாயிண்டை மாற்றாமல் கடந்துவிட்டால் பின்னால் எடுக்கவே கூடாது. எஞ்சினை அங்கேயே நிறுத்தி, ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சொல்லி, பாயிண்டைச் சோதிக்கச் செய்யுங்கள். டங் ரெயில் முனையிலிருந்து 150 மி.மீ. தள்ளி 5 மி.மீ. தகட்டை அதற்கும் பக்கத்துத் தண்டவாளத்துக்கும் இடையில் வைத்துப் பாயிண்டை இயக்கும்போது பூட்டு விழக்கூடாது. விழுந்தால், பழுது பார்க்கும்வரை அந்தப் பாயிண்டில் எதையும் ஓட்டக்கூடாது.