யோகா வகுப்பில் முதலில் திறக்க வேண்டியது கிளினிக் கொப்பி

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் யோகா வகுப்புக்கு வருகிறவர்களில் பலர் சீனி, பிரஷர், முழங்கால் நோவு என்று ஏதோ ஒன்றோடுதான் பாயில் உட்காருகிறார்கள். ஆகவே ஆஸ்பத்திரி கிளினிக்கில் அவர்களுடைய நோயையும் மருந்தையும் எழுதிக் கொடுத்த கொப்பியை ஆசிரியர் முதலில் பார்க்க வேண்டும். இவர்களுக்குக் கற்பிக்க 200 மணித்தியால யோகா ஆசிரியர் சான்றிதழ் போதாது. அதற்கு மேல் 300 மணித்தியால உயர்பயிற்சி இருக்கிறது. இன்னும் கடினமான ஆசனங்களைப் பழகலாம் என்று நினைத்துத்தான் ஆசிரியர்கள் அதில் சேர்கிறார்கள். ஆனால் யாருக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்று படிக்கத்தான் அங்கே நேரம் போக வேண்டும்.

மூச்சுப் பயிற்சியில்தான் தவறு கூடுதலாக நடக்கிறது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் மூச்சை 16 மாத்திரை (எண்ணும் கால அளவு) இழுத்து, 64 நிறுத்தி, 32 விடச் சொல்கிறது. நீண்ட காலம் பழகியவருக்கான கணக்கு அது. பிரஷர் உள்ளவர் முதல் வாரத்திலேயே மூச்சை அடக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் கூடும், தலை சுற்றும். தொடக்கத்தில் 4 எண்ணி இழுத்து 4 எண்ணி விடட்டும். அது இலகுவான பிறகு 4க்கு 6. நிறுத்தல் வேண்டவே வேண்டாம். விட்டு முடிந்ததும் அடுத்த மூச்சை அவர் ‘ஹக்’கென்று பிடித்து இழுத்தால், எண்ணிக்கை அவருக்குக் கூடிவிட்டது, உடனே குறையுங்கள். கர்ப்பிணிகள், வலிப்பு, குடலிறக்கம், பிரஷர் உள்ளவர்கள் யாருக்கும் கபாலபாதி (வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் பயிற்சி) கொடுக்காதீர்கள்.

மருதமுனையில் நாள் முழுக்கத் தறியில் குனிந்திருப்பவருக்கு எடுத்தவுடன், காலை நீட்டி இருந்து முன்னால் குனியும் பச்சிமோத்தாசனம் எதற்கு? காற்பெருவிரலைப் பிடித்தே ஆக வேண்டுமென்று இழுக்கும்போது இடுப்பு மடியாமல் கீழ்முதுகுதான் வளையும், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்கில் பாரம் ஏறும். அவருடைய சம்மதத்தோடு கீழ்முதுகில் கையை வைத்துப் பாருங்கள். முள்ளெலும்பு முடிச்சு முடிச்சாக விரலில் தட்டுப்பட்டால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். நான்கு விரல் உயரத்துக்குப் போர்வையை மடித்து அதன்மேல் இருத்தி, முழங்காலைச் சற்று மடிக்க விட்டால் இடுப்பிலிருந்து குனிய வரும். அதற்கு முன்னால் குப்புறப் படுத்துக் காலைத் தூக்கி முதுகை நிமிர்த்தும் சலபாசனத்தை, ஒவ்வொரு காலாக, பழக்குவது நல்லது.

கண் அழுத்த நோய், சீனியால் விழித்திரைப் பாதிப்பு, கழுத்தெலும்புத் தேய்மானம் இருந்தால் சிரசாசனம் கூடாது.

வெறும் வயிற்றோடு வாருங்கள் என்பது எல்லாருக்கும் பொருந்தாது. இன்சுலின் போடுகிறவர் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்தால் சீனி இறங்கிவிடும். எங்கள் வெக்கையில் எல்லாருக்கும் வியர்ப்பதால் இதைத் தவறவிடுகிறோம். உடம்பு குளிர்ந்து வியர்த்து, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறினால் பயிற்சியை நிறுத்திக் குளுக்கோஸ் கொடுங்கள். பெட்டி கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஆசனம் வராதவருக்கு யோகம் இல்லை என்றில்லை. பதஞ்சலியின் எட்டு அங்கங்களில் ஆசனம் ஒன்றுதான். அவை சேர்ந்த ராஜயோகமும், கர்மம், பக்தி, ஞானம் என்ற மூன்றோடு நிற்கும் ஒரு வழிதான். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர், துறவியான பின்னும் பள்ளிக்கூடங்களைக் கட்டி நடத்தியது கர்மயோகம். தினமும் கோயிலுக்குப் போகும் அம்மாவுக்கு நாமத்தைச் சொல்லியே மூச்சை நீளமாக விடப் பழக்கலாம். அதே வகுப்பிலிருக்கும் முஸ்லிம், கிறிஸ்தவ மாணவர்களுக்கு எண்ணிக்கை போதும், மந்திரத்தைத் திணிக்காதீர்கள்.

உயர்பயிற்சிக்குக் காசு கட்டுமுன் கேளுங்கள்: உடற்கூறு படிப்பிப்பவர் யார்? நேரில் எத்தனை மணித்தியாலம்? நோயாளி ஒருவருக்கு நாங்கள் வகுப்பெடுக்கும்போது பக்கத்தில் நின்று திருத்த ஆள் உண்டா? கடைசிக் கேள்விக்கு இல்லையென்றால் அந்தப் பயிற்சி வேண்டாம்.