நீளமா ஒரு மீன் வந்தா சுனாமி வராது பெரியம்மா

ராத்திரி பதினோரு மணிக்கு பெரியம்மா போன். "ஏல, கொண்டை வச்ச பாம்பு மீனு ஒண்ணு சிக்கிருக்காம்ல, சுனாமி வரப்போவுதாம்ல, பிள்ளைகளக் கூட்டிட்டு மாடி வீட்டுக்குப் போயிரட்டுமா?" வாட்ஸாப்ல வந்த போட்டோவயும் அனுப்பிட்டுத்தான் கூப்பிட்டிருக்கு. திறந்து பாத்தா வரிசையா வெள்ளக்காரப் பசங்க, ஒரு நீள மீனத் தூக்கிப் புடிச்சிட்டு நிக்குறானுவ, கீழ "நேத்து ராமேஸ்வரத்துல". அது 1996ல அமெரிக்காவுல சான் டியாகோ பக்கம் கொரொனாடோ பீச்ல ஒதுங்கின மீன், 7 மீட்டர், தூக்கிட்டு நிக்குறது அவங்க கடற்படை ஆளுங்க. இதே போட்டோவ 1973ல லாவோஸ்ல மீகாங் ஆத்துல புடிச்ச நாகம்னு சொல்லி தாய்லாந்துல வித்தே இருக்காங்க. இப்ப ராமேஸ்வரத்துக்கு வந்திருச்சு.

2025ல நம்ம தமிழ்நாட்டு மீனவங்க வலையில நிஜமாவே ஒண்ணு மாட்டி வீடியோ ஓடுச்சுல்ல, அதுல இருந்து எனக்கு இந்த மாதிரி போன் நிக்கவே இல்ல. மீன்வளத் துறைல படிச்சவன்னு தெரிஞ்சா போதும், ஜோசியரக் கேக்குற மாதிரி கேக்குறாங்க.

அந்த மீனு பேரு துடுப்பு மீன், இங்கிலீஷ்ல ஓர்ஃபிஷ். முள்ளு எலும்பு இருக்குற மீன்கள்லயே இதுதான் நீளம், 8 மீட்டர் வரைக்கும் ஒழுங்கா அளந்த கணக்கு இருக்கு. செதில் கிடையாது, பல்லும் பேருக்குத்தான், திங்கிறது கூனிப்பொடி மாதிரி பொடிசுங்க. ஒரு தடவ கைல எடுத்துப் பாத்தேன், அந்த வெள்ளி அப்படியே விரல்ல ஒட்டிக்கிட்டு வந்திருச்சு, உள்ள சதை ஜெல்லி மாதிரி கொழகொழன்னு. இதப் போயி அரக்கன்னு சொல்றாங்க, பாவம்.

சரி நிலநடுக்கத்துக்கு வருவோம், இதச் சொல்லாம எனக்குத் தூக்கம் வராது. ஜப்பான்ல இதுக்கு ரியூகூ நோ ட்சுகாய்னு பேரு, கடல் தேவன் அரண்மனைத் தூதன்னு அர்த்தம், 2011 சுனாமிக்கு முந்தின ரெண்டு வருஷத்துல அங்க சில மீன் கரை ஒதுங்குனதால கதை பெருசாயிருச்சு. அந்த ஜப்பான்காரங்களே உக்காந்து கணக்குப் போட்டுட்டாங்கய்யா. 1928ல இருந்து 2011 வரைக்கும் ஆழ்கடல் மீனு தென்பட்ட 336 சம்பவம், 6 ரிக்டரும் அதுக்கு மேலயும் 221 நிலநடுக்கம், மீன் வந்த 30 நாளுக்குள்ள 100 கிலோமீட்டருக்குள்ள அப்படி ஒண்ணு ஆடுச்சான்னு பாத்தா பொருந்துனது ஒண்ணே ஒண்ணு. 2019ல பேப்பரா வந்திருச்சு. ஒண்ணு! ஜப்பான் மாதிரி அடிக்கடி ஆடுற ஊர்ல நீங்க வீட்டுல தேங்கா உடைச்ச தேதியக் குறிச்சு வச்சாக்கூட அதுக்கு மேலயே பொருந்தும்.

இன்னும் நம்பலையா? 2013 அக்டோபர்ல கலிஃபோர்னியாவுல ஒரே வாரத்துல ரெண்டு வந்துச்சு, ஒண்ணு கேட்டலினா தீவுல 5.5 மீட்டர், அந்த மாசம் அங்க பெருசா ஒண்ணும் ஆடல, அத யாரும் ஃபார்வர்ட் பண்ணல. 2024 ஆகஸ்ட்ல சான் டியாகோ பக்கம் லா ஹோயால ஒண்ணு, ரெண்டு நாள் கழிச்சு லாஸ் ஏஞ்சல்ஸ்ல 4.4 ரிக்டர்ல ஒரு ஆட்டம், அத மட்டும் உலகமே ஃபார்வர்ட் பண்ணுச்சு. அந்த அளவு ஆட்டம் கலிஃபோர்னியாவுல வருஷத்துக்கு பல தடவ வரும்ங்க.

எனக்குக் கோவம் வர்றது வேற இடத்துல. 2004ல காலைல 6.29க்கு சுமத்ரால ஆடுச்சு, நம்ம கரைக்கு அலை வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்துச்சு, சொல்லத்தான் ஆளில்ல. கடல் உள்வாங்குனப்ப வேடிக்கை பாக்க இறங்கிப் போனவங்க எத்தன பேரு. இப்ப ஹைதராபாத்ல இன்காய்ஸ்னு மத்திய அரசு கடல் தகவல் மையத்துல 2007ல இருந்து சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கு, அத விட்டுட்டு மீன் மூஞ்சியப் பாக்குறோம். நல்லா கேட்டுக்கோங்க, தரை ரொம்ப நேரம் ஆடுனாலோ கடல் திடீர்னு உள்ள போனாலோ எவனையும் கேக்காதீங்க, மேட்டுக்கு ஓடுங்க. மீனுக்காக ஓடாதீங்க.

அப்புறம் பாதி போட்டோ வெறும் சாவாளை. வாய் நிறைய கோரப்பல்லு, வாலு நூலா முடிஞ்சா அது சாவாளை, கொழம்பு வைங்க. தலைல செவப்புக் கொண்டை, முதுகு நெடுக செவப்புத் துடுப்பு இருந்தாத்தான் என்னக் கூப்பிடணும்.

உயிரோட மாட்டுனா ஏழு பேரு தூக்கி செல்ஃபி எடுக்காதீங்க, நடுவுல முறிஞ்சிரும், அப்படியே தண்ணில விடுங்க. பெரும்பாலும் பொழைக்காது, இருந்தாலும் விடுங்க. செத்திருந்தா பக்கத்துல ஒரு செருப்பப் போட்டு போட்டோ எடுங்க, அளவு தெரியணும். எந்த இடம், எத்தன பாகம் ஆழம், எந்த மடி வலைல வந்துச்சுன்னு குறிச்சுக்கிட்டு மீன்வளத் துறைக்கோ மண்டபம், தூத்துக்குடி மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்கோ சொல்லுங்க.

ஒரு தடவ சேதி வந்து நான் போயி சேர்றதுக்குள்ள ஏலக்கூடத்துல ஒரு பொடியன் கொண்டைய வெட்டி எடுத்துட்டுப் போயிட்டான், மிச்சத்த அபசகுனம்னு ஆத்தா ஒருத்தி கடல்லயே வீசச் சொல்லிருச்சு. அந்த மீன் என்ன தின்னுச்சு, சினை இருந்துச்சா, எதுவும் இல்லாம நான் திரும்பி வந்தேன். முழுசா வேணாம் அண்ணாச்சி, கொண்டையோட தலையும் வயிறும் மட்டும் ஐஸ் பெட்டில போட்டு வைங்க. கடைசி பஸ்ஸப் புடிச்சாவது வந்துருவேன்.